செடித் தொட்டிக்கு விளக்கு: அறிகுறியைப் பார்த்துக் குறையைக் கண்டறியும் முறை

வீட்டு மீன்தொட்டியில் உயிருள்ள செடிகளை வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டுக்குள் அடங்கிவிடும்: செடி வளரவில்லை என்பது ஒன்று, செடியை விட்டுவிட்டுப் பாசி மட்டும் வளர்கிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் கடையில் கிடைக்கும் பதில் ஒன்றே; விளக்கை மாற்றச் சொல்வார்கள். விளக்கை மாற்றுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை என்பது என் கருத்து. அது எரியும் நேரம், நீரிலிருந்து அது நிற்கும் உயரம், இடையில் கிடக்கும் மூடிக் கண்ணாடியின் நிலை, நாம் தேர்ந்தெடுத்த செடி ஆகிய நான்கையும் வரிசையாகப் பார்த்துவிட்டால், கையிலிருக்கும் விளக்கே போதும் என்பது பல வீடுகளில் விளங்கிவிடும்.

இங்கே சொல்பவை 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள, கரியமில வாயு சிலிண்டர் இணைக்காத தொட்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இத்தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர் பிடிக்கும். மணல், கல், மேலே விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் 45 லிட்டர் அளவில் நீர் நிற்கும். குறைந்த ஒளியில் வாழும் செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் (விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அலகு) வரையும், நடுத்தர ஒளி கேட்பவற்றுக்கு 20 முதல் 40 லூமென் வரையும் வேண்டும் என்பது வளர்ப்பவர்களிடையே வழங்கும் கணக்கு. தரமான எல்.இ.டி. விளக்கு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமென் தருவதால், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்ட்டி போன்றவற்றுக்கு 9 அல்லது 10 வாட் விளக்கே தாராளம்.

எந்த அறிகுறிக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. பழுதான பழைய இலை மீண்டும் சீராகாது. ஆகவே ஒரு மாற்றம் பலன் தந்ததா என்பதை அதற்குப் பின் வந்த புதிய இலைகளைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். அதற்குக் குறைந்தது இரண்டு வாரம் ஆகும். ஒரே நாளில் நேரத்தையும் குறைத்து, உரத்தையும் கூட்டி, விளக்கையும் உயர்த்திவிட்டால், எது வேலை செய்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

தண்டு நெடுநெடுவென நீள்கிறது, அடி இலைகள் உதிர்கின்றன

ஒளிக் குறைவுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. நம் குளக்கரைகளில் வளரும் நீர்ப்பிரமியைத் தொட்டியில் நட்டுப் பாருங்கள். போதிய ஒளி கிடைக்கும்போது அதன் கணுக்கள் நெருக்கமாக அமைந்து, தடித்த சிறிய இலைகள் அடுக்கடுக்காக நிற்கும். ஒளி போதாவிட்டால் கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடி, இலை சிறுத்து, தண்டு வெளிறி, உச்சி மட்டும் நீர்மட்டத்தை நோக்கி ஓடும். அடியில் வெறும் குச்சி மிஞ்சும்.

முதலில் மூடிக் கண்ணாடியைக் கழற்றி, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் பயன்படுத்தும் வீடுகளில், ஃபில்டரும் காற்றுக் குமிழிகளும் தெறிக்கவிடும் துளிகள் காய்ந்து காய்ந்து, கண்ணாடியின் அடிப்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல வெண்படலம் ஏறியிருக்கும். தினமும் பார்ப்பதால் அது கண்ணுக்குப் படுவதில்லை. எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டு, தொட்டிக்கு வெளியே வைத்துத் தேய்த்து, நன்றாகக் கழுவி மீண்டும் பொருத்துங்கள். சோப்பு வேண்டாம். புது மரக்கட்டை வைத்த தொட்டிகளில் நீர் தேநீர் நிறத்துக்கு மாறுவதும் ஒளியைக் குடித்துவிடும். சில முறை நீர் மாற்றினால் அது தெளியும்.

அடுத்தது உயரம். ஒளி ஒரு புள்ளியிலிருந்து வந்தால், தூரம் இரட்டிப்பாகும்போது அதன் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். நீளமான பட்டை விளக்கில் இழப்பு அவ்வளவு கடுமையாக இருக்காது என்றாலும், 15 செ.மீ. உயரத்தில் தொங்கும் விளக்கை 5 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் அடிமண்ணில் விழும் ஒளி கண்ணுக்குத் தெரியும்படி கூடும். செலவில்லாத இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் இரண்டாவது விளக்கு வாங்குபவர்கள் ஏராளம்.

மூன்றாவது, செடி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் நிழல். நீர்மட்டத்தை எட்டிய உச்சிகள் கிடைமட்டமாகப் படர்ந்து, அடிப்பகுதியை இருட்டாக்கிவிடும். உச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி அதையே மீண்டும் மண்ணில் நட்டு, பழைய அடித்தண்டைப் பிடுங்கி எறிவது நல்லது. மிதக்கும் சால்வினியாவையோ டக்வீடையோ நீர்ப்பரப்பு முழுவதும் படரவிட்டுவிட்டு, அடியில் வளரும் செடி வாடுகிறது என்று வருந்துவதில் பொருளில்லை. பாதிப் பரப்பை அள்ளிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தண்டு நீண்டால், எரியும் நேரத்தை நாளொன்றுக்கு 8 மணி வரை கூட்டலாம். அதற்கு மேல் கூட்டுவது செடிக்கு உதவாது. மங்கிய ஒளியில் செடி தயாரிக்கும் உணவு, அது சுவாசித்துச் செலவழிப்பதற்கே சரியாகிவிடுவதால், 12 மணி நேரம் எரித்தாலும் மிச்சம் விழாது. பாசிக்கோ அந்த மங்கிய ஒளியே போதும்.

கண்ணாடியிலும் இலையிலும் பச்சைப் பாசி பூசுகிறது

ஒளி மிகுந்ததன் அடையாளம் இது என்று பொதுவாகச் சொல்லலாம்; ஆனால் எந்த ஒளி, எவ்வளவு நேரம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒளி கூடும்போது செடிக்குக் கரியமில வாயுவும் சத்தும் அதே அளவில் கூடுதலாக வேண்டும். சிலிண்டர் இல்லாத தொட்டியில் அந்த வாயு ஓரளவே கிடைப்பதால், ஒரு கட்டத்துக்கு மேல் செடி ஒளியைப் பயன்படுத்த முடியாமல் நின்றுவிடும். மிஞ்சும் ஒளியைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

நேரத்தை முதலில் சரிபாருங்கள். கையால் போட்டு அணைக்கும் வீடுகளில், காலையில் யார் போட்டார்கள், இரவு யார் அணைத்தார்கள் என்று கணக்கிட்டால், ஏழு மணி நேரம் என்று நினைத்திருந்தது பதினொன்றாக இருப்பது சாதாரணம். டைமர் வைத்தவர்களும் நிம்மதியடைந்துவிட முடியாது. வட்டத் தகட்டைச் சுற்றிலும் சிறு ஊசிகள் கொண்ட மலிவான டைமர், மின்தடை வந்தால் தானும் நின்றுவிடும். மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இப்படி ஒவ்வொரு மின்தடைக்கும் அது பின்தங்கிக்கொண்டே போய், மாதக் கடைசியில் மாலையில் அணைய வேண்டிய விளக்கு நள்ளிரவில் எரிந்துகொண்டிருக்கும். எரியும் மொத்த நேரம் மாறாது என்றாலும், பகலில் விளக்கு எரியவில்லையே என்று யாராவது அதன் பக்கவாட்டுப் பொத்தானைத் தட்டிவிட்டால் இரட்டை நேரம் எரியும். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமருக்கு இந்தத் தொல்லை இல்லை.

நேரம் சரியாக இருந்தால் சன்னலைப் பாருங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு 2000 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) அளவுக்குச் செடிகள் பயன்படுத்தும் ஒளி விழுகிறது. குறைந்த ஒளிச் செடிக்குத் தொட்டியின் அடியில் வேண்டியது 30 மட்டுமே. கிழக்குச் சன்னல் வழியே அரை மணி நேரம் சாய்ந்து விழும் காலை வெயில், விளக்கு நாள் முழுவதும் தந்த ஒளியை மிஞ்சிவிடக்கூடும். வெயில் படும் பக்கக் கண்ணாடியில் மட்டும் பாசி தடிப்பாக இருந்தால் காரணம் உறுதி. பின்புறத்துக்கும் பக்கத்துக்கும் கருப்புத் தாள் ஒட்டுங்கள், அல்லது திரையை இழுத்துவிடுங்கள். சூரியன் தென்பக்கமும் வடபக்கமும் நகர்வதால், கார்த்திகையில் வெயில் படாத தொட்டியில் சித்திரையில் படக்கூடும். திடீரென்று ஒரு பருவத்தில் மட்டும் தலைகாட்டும் பாசிக்கு இதுவே பெரும்பாலும் விடை.

இரண்டும் இல்லையென்றால், எரியும் நேரத்தை 6 மணியாகக் குறைத்து, கண்ணாடியை வழித்து, வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, வேகமாக வளரும் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்றவற்றைக் கூடுதலாக நடுங்கள். அனுபியாஸ் இலையில் நகத்தால் சுரண்டினாலும் போகாத கடினமான பச்சைப் புள்ளிகள் தோன்றினால், அச்செடி விளக்குக்கு நேர் கீழே நிற்கிறது என்று பொருள். அதன் இலை மிக மெதுவாக வளர்ந்து நீண்ட நாள் நிற்பதால், பாசி குடியேற நேரம் கிடைத்துவிடுகிறது. மரக்கட்டையின் நிழல் பக்கத்துக்கு அதை மாற்றிக் கட்டினாலே போதும். பாஸ்பேட் மிகக் குறைந்த தொட்டிகளிலும் இப்புள்ளிகள் வருவதுண்டு.

நீரே பச்சையாகிவிட்டது

இது கண்ணாடியில் ஒட்டும் பாசி அல்ல. நீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. நேர்வெயிலோடு, அளவுக்கு மீறிய தீனியால் எழும் அம்மோனியாவும் சேரும்போது வரும். நீரை மாற்றினால் இரண்டொரு நாளில் திரும்பிவிடும் என்பதால் வெறும் நீர் மாற்றம் பயன் தராது. பாதி நீரை மாற்றிவிட்டு, தொட்டியைத் தடித்த போர்வையால் நான்கு பக்கமும் மூடி, விளக்கைப் போடாமல் மூன்று நாள் முழு இருட்டில் வையுங்கள். காற்றுப் பம்ப் இடைவிடாமல் ஓட வேண்டும். தீனி போடக் கூடாது. எட்டிப் பார்க்கவும் கூடாது. திறந்தவுடன் மீண்டும் பாதி நீரை மாற்றுங்கள், ஏனெனில் செத்த பாசி அழுகி நீரைக் கெடுக்கும். நல்ல நிலையில் உள்ள செடிகளுக்கு மூன்று நாள் இருட்டு ஒன்றும் செய்யாது.

மண்ணின் மேல் நீலப்பச்சையாக வழவழவென்று ஏடு போலப் படர்ந்து, உரித்தால் மண்வாடை அடிக்கும் படலத்துக்கும் இதே முறை பொருந்தும். அது பாசியல்ல, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. இருட்டில் வைக்கும் முன் அதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

பழுப்புத் தூசி, கருப்புத் தாடி

புதிதாக அமைத்த தொட்டியில் எல்லாவற்றின் மீதும் பழுப்புத் தூசி படிந்து, விரலால் தொட்டாலே கலைந்தால், அது டையாட்டம் என்னும் நுண்பாசி. சில வாரங்களில் தானே மறையும். விளக்கைத் தொடாதீர்கள்.

இலை விளிம்பிலும் மரக்கட்டையிலும் ஃபில்டர் வாயிலும் கருப்பாகத் தாடி போல முளைப்பது வேறு. விளக்கைக் குறைத்தால் அதன் வேகம் குறையுமே தவிர, போகாது. ஃபில்டரில் சேர்ந்த கசடு, ஏறி இறங்கும் கரியமில வாயு அளவு ஆகியவையே அதற்குப் பெரிதும் இடம் தருகின்றன. கட்டையை வெளியே எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவிச் சில நிமிடம் விட்டுக் கழுவி வைத்தால், தாடி சில நாட்களில் சிவந்து வெளுத்து உதிரும்.

இலை மஞ்சளாகிறது, ஓட்டை விழுகிறது

இது விளக்குக் கோளாறு என்று எண்ணி ஒளியைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். பழைய இலை முழுவதும் மஞ்சளித்தால் நைட்ரஜன் பற்றாக்குறை; பழைய இலையில் ஊசிமுனை அளவில் தொடங்கி விரியும் ஓட்டைகள் பொட்டாசியம் பற்றாக்குறை; நரம்பு பச்சையாக இருக்கப் புதிய இலை வெளிறினால் இரும்புச் சத்து போதவில்லை. ஒளியைக் கூட்டினால் செடியின் பசியும் கூடும் என்பதால், நன்றாக இருந்த செடி புதிய விளக்கு மாட்டிய ஒரு மாதத்தில் இந்தக் குறைகளைக் காட்டத் தொடங்குவது இயல்பே. உரம் போடுங்கள், அல்லது பழைய ஒளி அளவுக்கே திரும்புங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவற்றின் கிடைத்தண்டை மண்ணில் புதைத்திருந்தால் அது அழுகியே தீரும். எந்த விளக்கும் அதைக் காப்பாற்றாது.

வாங்கி நட்ட வாரத்திலேயே இலை கரைகிறது

பண்ணைகளில் பல செடிகளை நீருக்கு மேலே வளர்த்து விற்கிறார்கள். நீருக்குள் வந்ததும் அந்த இலைகள் கரைந்து, நீருக்கேற்ற புதிய இலைகள் முளைக்கும். கிரிப்டோகோரைன் இன்னும் ஒரு படி மேல்: இடம், நீர், ஒளி எது மாறினாலும் ஒட்டுமொத்தமாகக் கூழாகிவிடும், ஆனால் வேர் உயிரோடிருக்கும். கரைந்த இலைகளை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்தால், சில வாரங்களில் நடுவிலிருந்து துளிர் வரும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறிந்தவர்கள் உயிருள்ள செடியைத்தான் எறிந்திருப்பார்கள்.

சிவப்புச் செடி பச்சையாகிறது, தரைச் செடி எழும்பி நிற்கிறது

லுட்விஜியா, ரொட்டாலா போன்றவற்றின் சிவப்பு பலத்த ஒளியில்தான் நிற்கும். மான்டி கார்லோ போன்ற தரைவிரிப்புச் செடியும் ஒளி போதாதபோது படராமல் மேல்நோக்கி வளரும். அடிமண்ணில் 50 மைக்ரோமோலுக்கு மேல் கிடைத்தால்தான் இவை கடையில் பார்த்த அழகைக் காட்டும். அந்த ஒளியைச் சிலிண்டர் இல்லாத தொட்டியில் கொடுத்தால், முன்பு சொன்ன பாசி வரும். ஆகவே இந்த அறிகுறிக்கு இரண்டே வழிதான்: கரியமில வாயு, உரம், வாராந்திரக் கத்தரிப்பு என்று முழு ஏற்பாட்டில் இறங்குவது, அல்லது செடியை மாற்றுவது. சிறிய தொட்டிக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். பழுப்புச் சிவப்பு இலை வேண்டுமென்றால், கிரிப்டோகோரைன் வென்ட்டியில் பழுப்பு வகை இருக்கிறது. அது மங்கிய ஒளியிலும் நிறம் காட்டும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றன

செடி பகலில் ஆக்சிஜன் வெளியிட்டாலும் இரவில் மீனைப் போலவே அதைச் செலவழிக்கிறது. ஆகவே விளக்கு எரியத் தொடங்கும் முன் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கோடையில் இது கடுமையாகும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் நீர், 32 டிகிரியில் 7.3 மில்லிகிராமே பிடிக்கும். விளக்கு அணையும் நேரத்தில் காற்றுப் பம்ப் இயங்கத் தொடங்குமாறு இன்னொரு டைமர் வையுங்கள். மூடிய ஹூடுக்குள் (விளக்கு பொருத்திய தொட்டி மூடிக்குள்) விளக்கு சூடாகி நீரையும் சூடாக்கினால், கோடை மாதங்களில் மூடியைச் சற்றே தூக்கி வைக்கலாம். துள்ளும் மீன்கள் உள்ள தொட்டியில் அந்த இடைவெளிக்கு வலை வேண்டும்.

விளக்கு போட்டவுடன் மீன்கள் மிரண்டு மூலையில் முட்டினால், அறை விளக்கை முதலில் போட்டுக் கால் மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள். ஃபைட்டர், நியான் டெட்ரா ஆகியவை மங்கிய நீரை விரும்புபவை. அவற்றுக்கு மிதவைச் செடியின் நிழல் நல்லது.

விளக்கு மினுக்குகிறது, இடையிடையே அணைந்திருக்கிறது

12 வோல்ட் எல்.இ.டி. பட்டைகளில் மூன்று மூன்று பல்புகள் ஒரு தொகுதியாக இணைந்திருக்கும்; ஒன்று பழுதானால் அடுத்தடுத்த மூன்றும் அணையும். அத்தகைய இருட்டுத் திட்டு தோன்றினால் நீராவி உள்ளே புகுந்திருக்கலாம். முழு விளக்கும் மினுக்கினால் அடாப்டரே முதல் சந்தேகம். எதைத் தொடும் முன்னும் பிளக்கைக் கழற்றுங்கள். ஒயர் நேராகப் பிளக்கை நோக்கி இறங்கக் கூடாது. பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கினால், வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் மீன்தொட்டி வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

எல்லாம் பார்த்தாயிற்று, ஒளி போதவில்லை

இப்போதுதான் கடைக்குப் போக வேண்டும். பெட்டியில் வாட் மட்டும் அச்சிட்டு லூமென் குறிப்பிடாத விளக்கை ஒதுக்குங்கள். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்வதே தவிர, அளவைச் சொல்வதில்லை. 6500 கெல்வின் கண்ணுக்கும் இதமாக இருக்கும், செடிக்கும் போதும். பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் அதிகம் உறிஞ்சும் என்பது உண்மையாயினும், வெள்ளை ஒளியில் அவை இரண்டும் உள்ளன. நீலமும் சிவப்பும் மட்டும் கலந்த ரோஜா நிற விளக்கில் மீனின் நிறமும் கெடும், பாசி வந்தாலும் தெரியாது. விளக்கின் நீளம் தொட்டியின் நீளத்துக்கு நெருங்கியிருக்க வேண்டும். 2 அடித் தொட்டியின் நடுவில் 1 அடி விளக்கை வைத்தால் இரு ஓரங்களிலும் செடிகள் நடுவை நோக்கிச் சாய்ந்தே வளரும். ஒளியைக் குறைக்கும் வசதியும் நீர் புகாமைக்கான ஐ.பி. 67 தரமும் இருந்தால், சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

சென்னை கொளத்தூர் போலக் கடைகள் வரிசையாக உள்ள இடத்தில் வாங்கினால், விளக்கை எரியவிட்டுக் காட்டச் சொல்லி, கைப்பேசியின் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) செயலியால் 1 அடி கீழே அளந்து பாருங்கள். வெள்ளை எல்.இ.டி. ஒளிக்கு லக்ஸ் எண்ணை 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் தோராயமாகக் கிடைக்கும். 2100 லக்ஸ் காட்டினால் 30. கைப்பேசிக்குக் கைப்பேசி அளவு மாறும் என்றாலும், இரண்டு விளக்குகளை ஒப்பிட அது போதும். நடுவிலும் ஓரத்திலும் அளந்து, வேறுபாடு பெரிதாக இருந்தால் வேறு விளக்கைக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் புதிய விளக்கை முழு நேரமும் எரிய விடாதீர்கள். முதல் இரண்டு வாரம் 5 மணி நேரம், பிறகு வாரத்துக்கு அரை மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். முன்கண்ணாடியை வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வழிக்க வேண்டி வந்தால், அதற்கு முந்தைய வாரத்தின் நேரத்துக்கே டைமரைத் திருப்பி வையுங்கள்.